காந்திபுரத்தில் மூன்று வாரப் பிளேஸ்மென்ட் கோச்சிங்: 6,000 ரூபாய்க்குத் தேறுமா?

கோவையில் கடைசி வருஷம் இன்ஜினியரிங் படிக்கிறேன். கல்லூரியிலேயே நான் முதல்வன் பயிற்சி காசில்லாமல் நடக்கிறது, ஆனாலும் கேம்பஸ் இண்டர்வியூ நெருங்க நெருங்க வகுப்பில் பாதிப் பேர் வெளியே கோச்சிங் போக ஆரம்பித்ததும் எனக்கும் வயிற்றைக் கலக்கியது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி, பெயர் வேண்டாம், மூன்று வாரத்துக்கு 6,000 ரூபாய்.

ஆப்டிட்யூட் வகுப்பு சுமார்தான். ரயில் பிளாட்பாரத்தைக் கடப்பது, குழாய் தொட்டியை நிரப்புவது, எல்லாம் யூடியூபிலேயே இருக்கிறது. இரண்டாவது வாரம் ஏசி வேறு நின்றுபோனது.

முதல் நாள் ஆளுக்கொரு தாள் கொடுத்து, வேலையில் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். பெயர் எழுத வேண்டாம் என்றதால் எல்லோரும் உண்மையைக் கொட்டிவிட்டோம். சார் சத்தமாகப் படித்தார். இங்கே கோவையில், ஐடி கம்பெனிகள் இருக்கும் சரவணம்பட்டியிலேயே கிடைத்தால் போதும், பெங்களூரு போனால் சம்பளம் வாடகைக்கே சரியாகிவிடும். அம்மா தனியாக இருக்கிறார், நைட் ஷிப்ட் வேண்டாம். எல்லார் முன்னாலும் கத்தாத மேனேஜர். நான் எழுதியது கல்விக் கடன்: படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் தவணை ஆரம்பம், அதைக் கட்டிவிட்டு வீட்டுக்கும் கொஞ்சம் கொடுக்கிற மாதிரி சம்பளம். ராத்திரி ஆபீஸ் போன் வரக் கூடாது என்று ஒருவர் எழுதியிருந்ததற்குச் சார் சிரித்துவிட்டு, 2023-இல் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். அப்புறம் தாள்களை மேஜைக்குள் போட்டுவிட்டு, "இதெல்லாம் மனசுக்குள்ள இருக்கட்டுங்க, எந்த ஊரும் சரி, எந்த ஷிப்டும் சரின்னு சொல்லிப் பழகுங்க" என்றார். மூன்று வாரமும் அதே பாட்டுதான்.

இண்டர்வியூவில் அப்படிச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் பாண்டு, அதாவது வேலையை விட முடியாதபடி எழுதி வாங்கும் ஒப்பந்தம், எத்தனை வருஷம், சேரும் தேதி எப்போது என்பதை மரியாதையாகக் கேட்பது எப்படி என்று ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மெயிலுக்குக் காத்திருந்த சீனியர்களைப் பார்த்தவர்கள் நாங்கள்.

உருப்படியானது சனிக்கிழமை மட்டும்தான். ஹெச்ஆரில் வேலை பார்த்த ஒரு அக்கா வருவார். பெரிய ஐடி கம்பெனிகளின் ஆரம்பச் சம்பளம் என்று அடிக்கடி காதில் விழும் வருஷத்துக்கு 3.36 லட்சம் என்பதைப் போர்டில் எழுதி, பன்னிரண்டால் வகுத்து 28,000 என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள் என்று ஆரம்பித்தார். கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கும் பெரும்பாலும் அந்த 3.36-க்குள்ளேயேதான் இருக்குமாம். பிஎஃப் கணக்குக்கான 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பை வைத்துப் பிடித்தாலே நம் பங்கு 1,800, அவர்கள் பங்கு 1,800, ஆக மாதம் 3,600 கைக்கு வராது. கிராஜுவிட்டி எனும் பணிக்கொடையையும் அதிலேயே சேர்த்துக் காட்டுவார்கள், அதை வாங்கப் பொதுவாக ஐந்து வருஷம் வேலையில் இருக்க வேண்டும். வேரியபிள் பே, அதாவது நம் வேலையையும் கம்பெனி நிலவரத்தையும் பார்த்துத் தரும் பகுதி, வந்தால்தான் வரவு. இதையெல்லாம் நாலு வருஷத்தில் எந்த புரொபசரும் எங்களிடம் சொன்னதில்லை.

அவர் எடுக்கும் மாக் இண்டர்வியூவும், அதாவது ஒத்திகை இண்டர்வியூவும், அருமை. என் பிராஜெக்ட்டைப் பற்றி மூன்றாவது கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன், அதை நண்பன் செய்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்.

முழு கோர்ஸ் வேண்டாம். மாக் இண்டர்வியூ மட்டும் தனியாக 500 ரூபாய்க்கு உண்டு, ரிசப்ஷனில் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், நாமாகக் கேட்க வேண்டும். சனிக்கிழமை அக்கா இருக்கும்போது போங்கள்.