ஆட்டுக்குட்டிகளுக்கு மயக்கம் கொடுத்துக் கொம்பு சுடும் சேவை: ஒரு மதிப்பீடு

பண்ணைக்கே வந்து, கொம்பு வளராமலிருக்கக் குட்டிகளுக்குக் கொம்புக்குருத்தைச் சுட்டுத் தரும் கால்நடை மருத்துவர் ஒருவரின் சேவையை, பிறந்து ஒரு வாரமான ஆறு வெள்ளாட்டுக் குட்டிகளுக்காகப் பயன்படுத்தினோம். சூடு போடுவது சில நொடி வேலை. இந்தச் சேவையின் தரம் அதற்கு முன்னும் பின்னும் அவர் செய்தவற்றில்தான் தெரிந்தது.

பையைத் திறந்ததும் அவர் முதலில் எடுத்து வைத்தது தராசு. ஒவ்வொரு குட்டியையும் தனித்தனியே நிறுத்து, எடையைத் தாளில் எழுதிக்கொண்ட பிறகே மருந்தைத் தொட்டார். சைலசின் என்னும் மயக்க மருந்துக்கு அசைபோடும் கால்நடைகள் குதிரையைவிட மிகக் குறைந்த அளவிலேயே மயங்கிவிடும். அவற்றிலும் வெள்ளாடு இன்னும் எளிதில் மயங்கும். கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் 4 கிலோ குட்டிக்கு 0.2 மில்லிகிராம் போதும். 2 சதவீத மருந்தில் அது 0.01 மில்லி, அதாவது ஒரு மில்லி சிரிஞ்சில் ஒரே ஒரு சிறு கோடு. கை சற்று நகர்ந்தாலே அளவு இரட்டிப்பாகிவிடும் என்பதால், அவர் மருந்தைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து பத்துக் கோடுகளாக எடுத்தார். சில ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் எடையைக் கண்ணால் மதிப்பிட்டு, நீர்க்காத மருந்தை அப்படியே செலுத்தியதில், எங்கள் குட்டி ஒன்று மயக்கம் தெளியாமலேயே மாலையில் இறந்துபோனது. அந்தப் பத்துக் கோடுகளையும் நான் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

மயக்கம் மட்டும் வலியைப் போக்கிவிடாது. ஆட்டின் ஒவ்வொரு கொம்புக்கும் இரண்டு நரம்புகள் செல்வதால் நான்கு இடங்களில் மரத்துப்போகச் செய்யும் ஊசி தேவைப்படுகிறது. ஆனால் அந்த ஊசியில் போடும் லிக்னோகெயின் மருந்து கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் குட்டிக்கு வலிப்பு வரக்கூடும். அவர் அதை 1 சதவீதமாக நீர்க்கச் செய்து, இடத்துக்கு அரை மில்லி வீதம் மொத்தம் 2 மில்லியோடு நிறுத்திக்கொண்டார். வலியும் வீக்கமும் குறைய மெலாக்ஸிகாமும் போட்டார். மயக்கத்தை முறிக்கும் அடிபமசோல் ஊசியில் ஏற்றப்பட்டுத் தட்டில் தயாராக இருந்தது.

குட்டிகளை முந்தைய இரவு பட்டினி போட வேண்டாம் என்று அவர் சொன்னதும் சரியானதே. இவ்வளவு சிறிய குட்டிகளுக்கு இரத்தச் சர்க்கரை விரைவில் சரிந்துவிடும். சூடு போட்டு முடித்ததும் வயிறு உப்பாமலும், வாயில் வரும் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகாமலும் இருக்க, ஒவ்வொன்றையும் மார்பு தரையில் படும்படி நிமிர்த்திப் படுக்க வைத்து, ஈறின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

குறையும் உண்டு. மயங்கிய குட்டி உடல் சூட்டை வேகமாக இழக்கும் என்பதை அவர் முன்கூட்டியே தெரிவிக்கவில்லை. கடைசிக் குட்டியின் உடல் வெப்பம் இயல்பைவிடக் குறைந்து 37.2 டிகிரி செல்சியஸுக்கு இறங்கிய பிறகுதான் நாங்கள் சாக்கும் வெந்நீர் பாட்டிலும் தேடி ஓடினோம். பாட்டிலைத் துணியில் சுற்றி அணைத்து வைத்ததும் அரை மணி நேரத்தில் அது தலை தூக்கியது. ஆனால் அது எழுந்து தாயிடம் பால் குடிக்கும் முன்பே அவர் கிளம்பிவிட்டார். அடுத்த ஈற்றுக்கும் அவரையே அழைக்கப் போகிறோம். கடைசிக் குட்டி பால் குடிக்கும்வரை அவர் இருக்க வேண்டும் என்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறோம்.