கேஸ் அடுப்பா, இண்டக்‌ஷனா? எது கட்டுப்படியாகும்?

சென்னைல 2023 மார்ச்ல 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் 1118.50 போச்சு, அப்புறம் அந்த ஆகஸ்ட்ல 200, 2024 மார்ச்ல 100 குறைச்சாங்க, 2025 ஏப்ரல்ல மறுபடி 50 ஏறி 868.50 ஆச்சு. டெலிவரிக்கு கொடுக்குறது தனி. அதான் எங்க வீட்ல இண்டக்‌ஷன் வாங்கினோம்.

நான் போட்ட கணக்குல ஒரு சிலிண்டர் செய்யுற சமையலுக்கு இண்டக்‌ஷன்ல கிட்டத்தட்ட 125, 130 யூனிட் ஆகும். யூனிட் 5 ரூபாய்க்குள்ள இருந்தா 650க்குள்ள முடிஞ்சிடும், லாபம்தான். ஆனா தமிழ்நாட்டு கரண்ட் பில்லுல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டினா 101ல இருந்து 200 வரைக்கும் இருக்குற சலுகையே போயிடும், 500க்கு மேல ஓடுறதுக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல, அங்க மிச்சம் ஒண்ணும் இல்ல. ஏசி ஓடுற ஏப்ரல், மே மாசத்துல கேஸ்தான் நல்லது, இதை யாரும் சொல்றதே இல்ல.

பாத்திர செலவையும் பாருங்க. அம்மாவோட பழைய அலுமினிய இட்லி குண்டான், குக்கர் எதுவும் இண்டக்‌ஷன்ல ஏறாது. வாங்கும்போது அடியில காந்தம் வச்சு பாருங்க, கெட்டியா ஒட்டணும். இரும்பு தோசைக்கல்லு சூடாகும், ஆனா நடுவுல மட்டும் சிவந்து ஓரம் வெள்ளையா நிக்கும், எனக்கு தோசைக்கு கேஸ்தான்.

பால், டீ, சோறு, பருப்பு எல்லாம் இண்டக்‌ஷன்ல, தோசையும் தாளிப்பும் கேஸ்ல. கரண்ட் போனாலும் அடுப்பு எரியணும்ல, சிலிண்டரை மட்டும் சரண்டர் பண்ணிடாதீங்க.