பத்தாயிரம் ரூபாய் முதலில் எதற்கு: நாற்காலிக்கா, மானிட்டருக்கா, நின்று வேலை பார்க்கும் மேசைக்கா?

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்குக் கழுத்துவலி வந்தால் முதலில் நாற்காலி விலையைத்தான் விசாரிக்கிறார்கள். என் கருத்து வேறு. லேப்டாப்பை மேசையில் அப்படியே வைத்துத் தட்டும்வரை எவ்வளவு விலையுயர்ந்த நாற்காலியும் கழுத்தைக் காக்காது.

காரணம் எளிது. லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருக்கின்றன. கை சௌகரியமாக இருந்தால் திரை தாழ்ந்துபோகும். திரையைக் கண்மட்டத்துக்கு ஏற்றினால் கை அந்தரத்தில் நிற்கும். தலை ஐந்து கிலோவுக்குக் கிட்டத்தட்ட வரும். குனிந்தபடியே இருந்தால் அத்தனையையும் பின்கழுத்துத் தசைதான் நாள் முழுக்க இழுத்துப் பிடிக்க வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, லேப்டாப் ஸ்டாண்டுடன் தனிக் கீபோர்டும் மவுஸும். சுமார் 2,000 ரூபாயில் முடியும். ஸ்டாண்டுக்குப் பதில் பழைய புத்தக அடுக்கும் போதும். இன்னொன்று 24 அங்குல மானிட்டர். 8,000 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. மெயிலும் மீட்டிங்கும்தான் வேலை என்றால் ஸ்டாண்டே போதும். எக்செல், கோடிங், கணக்கு என்றால் மானிட்டர்தான். கை நீட்டும் தூரத்தில் 14 அங்குலத் திரையின் எழுத்து சிறுத்துவிடும். உடம்பு தானாக முன்னால் சாயும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்கட்டும். புரோகிரசிவ் கண்ணாடி (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி) அணிபவர்கள் இன்னும் இறக்க வேண்டும். இல்லையேல் மோவாயைத் தூக்கித் தூக்கியே படிப்பார்கள்.

அடுத்தது நாற்காலி. ஆனால் அதைப் பேசுமுன் மேசையை அளந்து பாருங்கள். கடையில் விற்கும் மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். 155 செ.மீ. உயரமுள்ள பெண் பாதம் தரையில் பதிய உட்கார்ந்தால் முழங்கை ஏறக்குறைய 60 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். மேசை அதைவிட அரை அடி மேலே! எட்டு மணி நேரமும் தோளைத் தூக்கியபடி தட்டுகிறார். சாயங்காலம் தோள்பட்டை கடுக்கிறது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நாற்காலியை உயர்த்தினால் தோள் இறங்கும், ஆனால் கால் தொங்கும். அப்போது காலடியில் அரை அடி உயரப் பலகை வேண்டும். மர மேசையாக இருந்தால் தச்சரைக் கூப்பிட்டு மேசைக் காலை எட்டுப் பத்து செ.மீ. அறுத்துவிடுவது இன்னும் நல்லது. தொடைக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் முன்பே பாருங்கள்.

இனி நாற்காலி வகைகள். உயரமான முதுகுடைய ரெக்ஸின் 'பாஸ் சேர்' பார்க்க கம்பீரம். சென்னை மே மாதத்தில் முதுகு நனைந்துவிடும். அதே விலைக்கு, காற்றுப் புகும் வலைத்துணி முதுகுள்ள மெஷ் நாற்காலிதான் என் தேர்வு. இருக்கையில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் முழங்கால் மடிப்புக்கும் விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். இடுப்புத் தாங்கி மேலும் கீழும் நகர வேண்டும். தலைத் தாங்கிக்குக் கூடுதல் பணம் தேவையில்லை. தட்டும்போது தலை அதில் படுவதே இல்லை. சாய்மானம் மட்டும் கட்டாயம். முதுகுக்கும் தொடைக்கும் இடையே 90 பாகை வர விறைப்பாக உட்காருவதே சரி என்று பள்ளியிலிருந்து கேட்டு வளர்ந்தோம். 2006இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, 90 பாகையைவிட 135 பாகைச் சாய்வில்தான் முதுகெலும்புத் தட்டுகளுக்குச் சிரமம் குறைவாக இருந்தது. அவ்வளவு சாய்ந்து தட்ட முடியாது; 100, 110 பாகை தாராளமாக முடியும்.

ஆக, பத்தாயிரத்தில் முதல் 2,000 ஸ்டாண்டு, கீபோர்டு, மவுஸுக்கு. மிச்சம் மெஷ் நாற்காலிக்கு. முதுகுள்ள சாப்பாட்டு மேசை நாற்காலி ஏற்கெனவே இருந்தால் இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு மானிட்டர் வாங்கலாம்.

மோட்டார் வைத்த, நின்று வேலை பார்க்கும் மேசை பெரும்பாலும் இந்தப் பணத்துக்குள் வராது. வந்தாலும் எனக்கு அது கடைசிதான். நாள் முழுக்க நிற்பதும் காலுக்குக் கேடு. நரம்புச் சுருட்டல் உள்ளவர்களுக்கு இன்னும் கேடு. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடிப்பதும், போன் வந்தால் நடந்துகொண்டே பேசுவதும் செலவில்லாத வழிகள். ஆனால் உட்கார்ந்தாலே இடுப்பு வலிப்பவர்களுக்கும், ஒரே மேசையை உயரம் வேறுபட்ட இருவர் பகிரும் வீட்டுக்கும் மோட்டார் மேசை உதவும். வாங்கினால் எவ்வளவு உயரும் என்பதைவிட எவ்வளவு இறங்கும் என்று கேளுங்கள். பல மாடல்கள் 70 செ.மீ.க்குக் கீழே இறங்குவதில்லை. குள்ளமானவருக்கு உட்கார்ந்து வேலை பார்க்க அதுவும் உயரம்தான்.