கொடுக்கப்படாத தடயங்கள்: ‘தி ஸ்னோமேன்’ திரைப்படம் பற்றி

2017இல் ‘தி ஸ்னோமேன்’ வெளிவந்தபோது, அதன் சுவரொட்டியில் குழந்தை வரைந்ததைப்போன்ற ஒரு பனிப்பொம்மையும், கொலைகாரன் காவல்துறைக்கு எழுதிய குறிப்பு ஒன்றும் இருந்தன. அவளை நீங்கள் காப்பாற்றியிருக்கலாம், எல்லாத் தடயங்களையும் நான்தான் கொடுத்துவிட்டேனே என்பது அந்தக் குறிப்பின் சாரம். தொடர்கொலைக் கதைகளை விரும்பிப் படிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய வாக்கைக் கொடுக்க முடியாது. இப்படத்தை நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். மூன்றாவது முறை தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, கொலைகாரனை நோக்கி நம்மை அழைத்துச்செல்லும் தடயம் எது வந்தாலும் குறித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். படம் முடிந்தபோது தாளில் பாதிப் பக்கம்கூட நிரம்பவில்லை. குறித்தவற்றிலும் பல, எங்கோ தொடங்கி எங்கும் போய்ச் சேராதவை. என் ஏமாற்றம் முழுவதும் அந்தத் தாளில் இருக்கிறது.

நார்வே எழுத்தாளர் யூ நெஸ்போ 1997இல் தொடங்கிய, ஹாரி ஹூலே என்ற காவல்துறைத் துப்பறிவாளரைப் பற்றிய வரிசையில் ஏழாவதாக, 2007இல் வந்த நாவல்தான் இப்படத்தின் மூலம். முதல் நாவலில் ஹாரி சிட்னிக்கும் இரண்டாவதில் பாங்காக்குக்கும் போகிறார்; மூன்றாவதிலிருந்து ஆஸ்லோ நகரம் அவருடைய களமாகிறது. காதலி ராக்கெலும் அவள் மகன் ஓலெக்கும் அவர் வாழ்க்கைக்குள் வருவதும், உடன் பணியாற்றிய ஒருவரை அவர் பறிகொடுப்பதும், அந்த இழப்பின் உண்மையைத் தேடி அடுத்தடுத்த நாவல்களில் அலைவதும், குடியை விட்டு மீண்டும் அதிலேயே விழுவதும் ஏழாவது நாவலுக்கு முன்பே நடந்து முடிந்தவை. கணேஷையும் வசந்தையும் கதை கதையாகப் பின்தொடர்ந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்கவேண்டியதில்லை: நெடுநாள் பழகிய ஒருவன் அறைக்குள் நுழைந்தாலே போதும், அவன் இன்று எந்த மனநிலையில் இருக்கிறான் என்று நமக்குத் தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தைத்தான் ஏழாவது நாவல் தன் மூலதனமாகக் கொண்டிருக்கிறது.

படத்தைத் தயாரித்தவர்கள் அந்த மூலதனம் இல்லாமலே ஏழாவது நாவலை எடுத்துவிட்டார்கள். படத்தில் ஹாரி குடித்துவிட்டுப் பூங்காவில் கிடந்து உறைபனிக் காலையில் கண்விழிக்கும் மனிதராக அறிமுகமாகிறார். ஏன் குடிக்கிறார் என்பதற்கும், ராக்கெலை ஏன் பிரிந்தார் என்பதற்கும், அவளுடைய மகனிடம் அவருக்கு ஏன் அவ்வளவு பாசம் என்பதற்கும் படத்தில் பதில் இல்லை. அவர் பெரிய துப்பறிவாளர் என்பதைக்கூட, புதிதாக வந்த அதிகாரி காத்ரீன் பிராட் வாயால் சொல்லக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். அவர் துப்பறிந்து வெற்றி பெறுவதை ஒருமுறையேனும் கண்ணால் பார்த்திருந்தால் அந்தப் பாராட்டுக்குத் தேவையே இருந்திருக்காது.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். நாவலிலும் படத்திலும் ஹாரிக்குப் பெயரில்லாக் கடிதம் ஒன்று வருகிறது. முதல் பனியையும் பனிப்பொம்மையையும் பேசும் கடிதம். நாவலில் அக்கடிதத்தின் நடுவே ஒரு சொல் இருக்கிறது. முதல் நாவலில் ஹாரி ஆஸ்திரேலியாவில் எதிர்கொண்ட கொலைகாரனைச் சுட்டும் சொல் அது. எழுதியவன் ஹாரியின் கடந்தகாலத்தை அறிந்தவன், எத்தனையோ அதிகாரிகள் இருக்க அவரையே தேர்ந்து எழுதியவன், தொடர்கொலைகாரனை முன்பு நேரில் கண்ட ஒருவரைச் சீண்ட விரும்புகிறவன் என்ற மூன்றையும் அந்த ஒரே சொல் வாசகருக்கு உணர்த்திவிடுகிறது. படத்தில் அச்சொல் இல்லை, இருக்கவும் முடியாது. ஏனெனில் அதற்கு முந்தைய ஆறு நாவல்களும் அப்போது படமாகியிருக்கவில்லை. ஆகவே கடிதத்தில் எஞ்சுவது பனிப்பொம்மையின் ஓவியமும் மிரட்டும் தொனியும்தான். ஏன் ஹாரிக்கு எழுதினான் என்ற கேள்விக்குக் கடைசிவரை பதில் வருவதில்லை. கடிதத்தையே படம் பாதியில் மறந்துவிடுகிறது.

இது கலைஞர்களின் திறமைக் குறைவால் நேர்ந்ததன்று. இயக்குநர் டோமாஸ் ஆல்ஃப்ரெட்சன் நாவல்களைத் தழுவி 2008இல் எடுத்த ‘லெட் தி ரைட் ஒன் இன்’, 2011இல் எடுத்த ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ ஆகிய இரு படங்களும், தழுவல் எப்படி அமையவேண்டும் என்று பாடம் நடத்தத் தகுந்தவை. முதலாவது முழுக்கப் பனிக்குள் நடப்பது. இரண்டாவது ஒரு நாவல் வரிசையிலிருந்தே எடுக்கப்பட்டது. அதன் திரைக்கதையாளர்களில் ஒருவரான பீட்டர் ஸ்ட்ராகன் இப்படத்திலும் எழுதியிருக்கிறார். பனியும் பழகியது, வரிசை நாவலும் பழகியது, எழுத்தாளரும் பழகியவர். மார்ட்டின் ஸ்கார்செஸி நிர்வாகத் தயாரிப்பாளர். அவருடைய நீண்டகாலப் படத்தொகுப்பாளர் தெல்மா ஷூன்மேக்கரும் கிளேர் சிம்ப்சனும் படத்தைத் தொகுத்திருக்கிறார்கள். இத்தனை பேர் கூடியும் படம் கைகூடாமல் போனதற்கான காரணத்தை, வெளியான சமயத்தில் நார்வே ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே.யிடம் இயக்குநரே மறைக்காமல் சொன்னார். நார்வேயில் படப்பிடிப்புக்குக் கிடைத்த காலம் மிகக் குறுகியது என்றும், திரைக்கதையில் 10 முதல் 15 விழுக்காடுவரை படமாக்கப்படவே இல்லை என்றும், தொகுக்க உட்கார்ந்தபோதுதான் துண்டுகள் குறைவது தெரிந்தது என்றும் அவர் கூறினார்.

வேறு வகைப் படமாக இருந்தால் அந்த 10 விழுக்காட்டை ஓரளவு மறைத்துவிடலாம். காதல் கதையில் இரண்டு காட்சிகள் விடுபட்டால் உணர்ச்சியின் ஆழம் சற்றுக் குறையலாம், கதை நின்றுவிடாது. துப்பறியும் கதையோ சங்கிலி போன்றது. பூஞ்சணம் பிடித்த சுவர்களைச் சரிசெய்ய ஹாரியின் வீட்டுக்கு வரும் ஆள் எதற்கு வந்தார், ஆஸ்லோவுக்குக் குளிர்கால விளையாட்டுப் போட்டியைக் கொண்டுவர முனையும் செல்வந்தராக ஜே. கே. சிம்மன்ஸ் இத்தனை நேரம் ஏன் திரையில் இருக்கிறார், இரட்டைச் சகோதரிகளாக வரும் ஒரே நடிகையின் இரு பாத்திரங்களும் கதைக்கு எதைச் சேர்த்தன என்றெல்லாம் பார்ப்பவர் கேட்டுக்கொண்டேயிருக்கிறார். படம் எடுக்கப்படாத பகுதியில் இவற்றுக்கு விடைகள் இருந்திருக்கலாம். திரையில் அவை இல்லை. அதனால், கொலைகாரன் யார் என்பது வெளிப்படும் இடத்தில் நமக்குத் திடுக்கிடலும் இல்லை, ‘அட, இதை நாம் கவனித்திருக்கவேண்டுமே’ என்ற மனநிறைவான வருத்தமும் இல்லை. ஒரு பெயரைச் சொல்கிறார்கள், நாம் கேட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

வால் கில்மர் நடித்த பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பெர்கன் நகரில் பல ஆண்டுகளுக்கு முன் இதே கொலைகாரனைத் தேடிச் சென்ற காவலதிகாரி ராஃப்டோவாக அவர் வருகிறார். தொண்டைப் புற்றுநோயால் அவர் குரல் பாதிக்கப்பட்டிருந்த காலம் அது. ஆகவே அவருடைய வசனங்களுக்கு வேறொருவர் குரல் கொடுத்திருக்கிறார். உதட்டசைவும் ஒலியும் ஒட்டாமல் நிற்பது எவர் கண்ணுக்கும் படும். நோயுற்ற நடிகர்மீது இதில் ஒரு குறையும் இல்லை. மெலிந்த அந்த முகத்திலும் கலங்கிய கண்களிலும் படத்தின் வேறெங்கும் காணாத உண்மையான தவிப்பு இருக்கிறது. அந்தப் பாத்திரத்தை வசனமே இல்லாமல் விட்டிருந்தால்கூட அது நிலைத்து நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்குரிய கவனத்தைக் கொடுக்காமல் அவசரமாக முடித்தது தயாரிப்பின் பிழை.

ஒளிப்பதிவாளர் டியான் பீபியின் உழைப்பை மனமாரப் பாராட்டவேண்டும். பனி இங்கே வெறும் வெண்மையாக இல்லை: விடியலில் நீலம், தெருவிளக்கின் கீழ் மஞ்சள், உறைந்த ஏரியின்மேல் ஈயத்தின் சாம்பல். தாயும் மகனும் காரில் அந்த ஏரிக்குள் செல்லும் தொடக்கக் காட்சியில், பனித்தளம் கனத்தைத் தாங்கிக்கொண்டு முனகும் ஒலியைக் கேட்டு நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அந்தத் தொடக்கம் நாவலில் உள்ளதன்று. படத்துக்காகவே எழுதப்பட்டது, இருந்தும் நன்றாக வந்திருக்கிறது. ஹாரியாக நடிக்கும் மைக்கேல் ஃபாஸ்பெண்டர் எழுதப்படாத ஒரு பாத்திரத்தை உடலால் நிரப்பப் பார்க்கிறார். ரெபெக்கா ஃபெர்குசனின் காத்ரீன் அவரைவிடத் தெளிவான நோக்கத்தோடு கதைக்குள் நடமாடுகிறாள். நார்வேயில் நடக்கும் கதையில் எல்லோரும் ஆங்கிலத்தை ஆளுக்கொரு நாட்டு உச்சரிப்பில் பேசுவது உறுத்துகிறது. நார்வே மொழியில் ‘ஹூலே’ என்று ஒலிக்கும் குடும்பப்பெயரும் படத்தில் ஆங்கிலச் சொல்லாகவே உச்சரிக்கப்படுகிறது.

வரிசை நாவல்களில் நடுவிலுள்ள ஒன்றைப் படமாக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 1991இல் வந்த ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ தாமஸ் ஹாரிஸ் வரிசையின் இரண்டாம் நாவலைத் தழுவியதே. அங்கே துப்பறிபவளான கிளாரிஸ் அந்த நாவலில்தான் முதன்முதலாக வருகிறாள். இன்னும் பயிற்சி முடிக்காத மாணவி. அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது, அவள் கற்கும்போது நாமும் கற்கிறோம். அங்கே தடயமும் ஒளிவுமறைவின்றி நம் முன் வைக்கப்படுகிறது. இறந்த ஒரு பெண்ணின் முதுகில் வைர வடிவில் தோல் வெட்டி எடுக்கப்பட்டிருப்பதை முன்பே காட்டிவிடுகிறார்கள். பிறகு, முதலில் கொல்லப்பட்டவளின் அறையில், தைத்து முடிக்காத உடையில் அதே வைர வடிவத் துண்டுகளைக் கிளாரிஸ் பார்க்கிறாள். வசனம் எதுவும் வருவதற்கு முன்பே கவனமுள்ள பார்வையாளர் கொலைகாரன் எதைத் தைத்துக்கொண்டிருக்கிறான் என்று உணர்ந்து உறைந்துபோகிறார். ‘தி ஸ்னோமேன்’ சுவரொட்டி கொடுத்த வாக்கு இதுதான். ஒவ்வொரு கொலைக்களத்திலும் நிற்கும் பனிப்பொம்மையைக்கூட இப்படம் அந்த அளவுக்குப் பயன்படுத்தவில்லை. அச்சமூட்டும் அலங்காரமாக நிறுத்தி வைத்திருக்கிறது.

119 நிமிடங்கள் ஓடும் இப்படத்தை, நார்வேயின் குளிர்காலத்தைப் பெரிய திரையில் காண விரும்புபவர் ஒருமுறை பார்க்கலாம். துப்பறியும் கதையை எதிர்பார்ப்பவருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். நாவலைப் படிக்க எண்ணியிருப்பவர் படத்தை முதலில் பார்த்துவிடவேண்டாம். கொலைகாரன் யார் என்பதைத் தெரிந்துகொண்டு நாவலுக்குள் போனால் அதன் சரிபாதி இன்பம் போய்விடும். ஏழாவதிலிருந்தும் தொடங்கவேண்டாம். 1997இல் வந்த முதல் நாவலை எடுங்கள், ஹாரியோடு சிட்னியில் போய் இறங்குங்கள். பத்தாண்டுக் கதைகளைக் கடந்து அந்தக் கடிதம் வரும் பக்கத்தை அடையும்போது, நடுவில் நிற்கும் அந்த ஒற்றைச் சொல்லை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.