ஹாம்ஸ்டருக்கு எந்தத் தண்ணீர்? நாலரை வருஷ அனுபவம்

வேளச்சேரியில் எங்கள் வீட்டில் நாலரை வருஷமாக ஹாம்ஸ்டர், அதாவது எலி மாதிரி ஒரு சின்ன வளர்ப்புப் பிராணி, இருக்கிறது. முதலில் கடலை என்று சிரியன் இனத்தில் ஒன்று, அப்புறம் பொரி என்று ட்வார்ஃப் எனும் குட்டை இனத்தில் ஒன்று, இப்போது மறுபடியும் ஒரு சிரியன், பெயர் எள்ளு. இந்த நாலரை வருஷத்தில் போர் தண்ணீர், மெட்ரோ தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், காய்ச்சி ஆறவைத்தது என்று எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தாயிற்று. புதிதாக வாங்குகிறவர்கள் எந்தத் தண்ணீர் என்று மட்டும்தான் கேட்கிறார்கள். அந்தத் தண்ணீர் வாய்க்குள் போகிறதா என்று யாரும் கேட்பதில்லை. எனக்கும் அது பட்டபிறகுதான் தெரிந்தது.

கடலையை வாங்கும்போது கடையில், இது பாலைவனத்துப் பிராணி, தண்ணீர் அதிகம் வேண்டாம், கூண்டில் தலைகீழாக மாட்டும் தண்ணீர் பாட்டிலை ஒரு தடவை நிரப்பினால் வாரக்கணக்கில் வரும் என்றார்கள். நானும் நம்பிவிட்டேன். 1930இல் சிரியாவில் அலெப்போ பக்கம் வளையிலிருந்து தோண்டி எடுத்த குடும்பத்தின் வழிவந்தவைதான் நாம் வளர்க்கும் சிரியன் ஹாம்ஸ்டர்கள், அது உண்மை. ஆனால் அங்கே அவை பகல் வெயிலுக்குக் குளிர்ச்சியான வளைக்குள் இருந்துகொண்டு, வெளியே வரும்போது பச்சையாகக் கிடைப்பதையும் தின்னும். நம் வீட்டுக் கூண்டில் கிடைப்பதோ பெல்லட் என்கிற காய்ந்த தீவன உருண்டையும் சென்னைப் புழுக்கமும். தண்ணீர் இல்லாமல் எப்படி முடியும்?

முதல் எட்டு மாதம் குழாயில் வந்த போர் தண்ணீரைத்தான் ஊற்றினேன், மூன்று நாளைக்கு ஒரு தடவை. மே மாதம் ஒரு நாள் கடலை மூலையில் சுருண்டு கிடந்தது, கண் பாதிதான் திறந்திருந்தது, பிடரித் தோலை லேசாகக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் கூடாரம் மாதிரி அப்படியே நின்றது. பாட்டிலைப் பார்த்தால் நிரம்பி இருக்கிறது. சரி, இந்தத் தண்ணீர் பிடிக்கவில்லை போல என்று கொட்டிவிட்டுக் கேன் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் காலையிலும் ஒரு சொட்டு குறையவில்லை. மகள்தான் பாட்டிலின் மூக்குக் குழாயில் விரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, “அம்மா, இதுல தண்ணியே வரலம்மா” என்றாள்.

கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். குழாய் நுனியில் இருக்கும் அந்தச் சின்ன இரும்புக் குண்டைச் சுற்றிக் கோலமாவு அப்பினது போல வெள்ளையாக உப்பு. ஹாம்ஸ்டர் நக்கும்போது குண்டு உள்ளே போய்த் தண்ணீர் கசிய வேண்டும். இங்கே குண்டு அசையவே இல்லை. அது எத்தனை நேரம் காலி இரும்பை நக்கிக்கொண்டிருந்ததோ தெரியாது. மருத்துவர் தோலுக்கு அடியில் சலைன் ஏற்றினார், இரவுக்குள் எழுந்து நடந்தது, பிழைத்துக்கொண்டது. அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கினேன். எங்கள் போர் தண்ணீர் 1,400 காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் 2,000 வரை. நாம் குடிக்காத தண்ணீரை உள்ளங்கை அளவு உடம்புக்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். போர் தண்ணீரைக் காய்ச்சினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், கொஞ்சம் சுண்ணாம்பு பாத்திரத்து அடியில் படியும், மற்ற உப்பெல்லாம் அப்படியேதான் இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் கெட்டியாகும்.

மெட்ரோ தண்ணீர் வரும் நாட்களில் அதைக் காய்ச்சி, மூடி வைத்து ஆறவைத்துக் கொடுக்கிறேன். எனக்கு இதுதான் முதல் தேர்வு. சில நாள் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக இருக்கும், கொதித்ததும் அது போய்விடும். சம்ப், மேல்தொட்டி வழியாக வருவதால் காய்ச்சாமல் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

மெட்ரோ வராத நாளில் ஆர்ஓ. ஆர்ஓ தண்ணீரில் சத்தே இல்லை, எலும்பு கெட்டுவிடும் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. ஒழுங்கான பெல்லட் தின்கிற ஹாம்ஸ்டருக்குத் தாதுச் சத்து சாப்பாட்டிலேயே வருகிறது. பொரி தன் காலம் முழுக்க ஆர்ஓதான் குடித்தது, அதனால் ஒரு குறையும் வரவில்லை. ஃபில்டரை மட்டும் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேன் தண்ணீரை நான் நிறுத்திவிட்டேன். ஒரு தடவை வந்த கேனின் அடியில் பச்சையாகப் பாசி ஓடியிருந்தது, குளத்து வாடை அடித்தது. நல்ல கேனே வந்தாலும் திறந்து பத்து நாள் வெயில் படும் இடத்தில் வைத்து எடுத்தால் அது நல்ல தண்ணீராக இருக்காது.

வைட்டமின் சொட்டு மருந்து என்று ஒன்றும் வாங்கி ஏமாந்தேன். தண்ணீரில் கலந்த இரண்டாம் நாளே பாட்டிலின் உள்பக்கம் வழவழவென்று ஆனது, பொரி குடிப்பதும் குறைந்தது. முகர்ந்து பார்த்தால் இனிப்பு வாடை. ட்வார்ஃப் இனங்களுக்குச் சர்க்கரை நோய் எளிதில் வரும், அவற்றுக்கு இந்த மாதிரி எதுவும் கலக்கவே வேண்டாம். வெறும் தண்ணீர் போதும்.

இப்போது தினமும் காலையில் மிச்சத்தைக் கொட்டிவிட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்து, புதிதாக விளிம்பு வரை ஊற்றி மாட்டுகிறேன். மாட்டினதும் குண்டை விரலால் மூன்று தடவை தட்டுவேன், ஒவ்வொரு தட்டுக்கும் விரல் நனைய வேண்டும், உள்ளே ஒரு குமிழி மேலே ஏற வேண்டும். சில சமயம் உப்பே இல்லாமல் காற்று அடைத்துக்கூடத் தண்ணீர் நின்றுவிடும். வாரம் ஒரு தடவை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து மூக்குக் குழாயை அரை மணி நேரம் ஊறவைத்து, வாடை போகக் கழுவுகிறேன். பாட்டில் ஏமாற்றினாலும் வாய் காயக் கூடாது என்று கூடவே கனமான ஒரு பீங்கான் கிண்ணமும் வைத்திருக்கிறேன். அதில் மரத்தூள் விழும், ஒரு நாளைக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டும், அது வேலைதான். ஆனால் எள்ளு கிண்ணத்தில் குடிக்கும்போது இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி, கழுத்தை வளைக்காமல் நிம்மதியாகக் குடிக்கிறது, பாட்டிலில் அப்படி முடியாது.

அளவு என்று பார்த்தால், 100 கிராம் உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 10 மில்லி சுமாராகக் கணக்கு. எள்ளு 150 கிராம், 15 மில்லி பக்கம் குடிக்கிறது, மே மாதத்தில் 20 தொடும், வெள்ளரிக்காய்த் துண்டு வைத்த நாளில் குறையும். பாட்டிலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். காலையில் கோட்டைப் பார்ப்பது பல் தேய்ப்பது மாதிரி பழகிவிட்டது.

அந்தக் கோடுதான் கடலையின் விஷயத்தையும் சொன்னது. இரண்டு வயது நெருங்கும்போது 15 மில்லி குடித்தது 20 ஆனது, அப்புறம் 30. வெயில் காலமும் இல்லை, சாப்பாடும் மாறவில்லை, பாட்டிலிலும் ஒழுக்கு இல்லை. மருத்துவரிடம் கொண்டு போனபோது சிறுநீரகம் தளர்ந்துவிட்டது, வயதான ஹாம்ஸ்டர்களுக்கு வருவதுதான் என்றார். படுக்கை நனைகிறதே என்று தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள், அதற்கு அந்தத் தண்ணீர் தேவை என்றும் சொன்னார். கடைசி மூன்று மாதம் கூண்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பாட்டில் மாட்டி வைத்திருந்தேன், ஒன்று அது படுக்கும் மூலைக்குப் பக்கத்திலேயே, எழுந்து நடக்காமலே எட்டும் உயரத்தில்.