வண்ணாரப்பேட்டை பிளஸ் ஒன் பொருளியல் டியூஷன்: பாடம் அருமை, படம் சுமார்

எம்.சி. ரோடு கடைகளுக்குத் தைத்துக் கொடுக்கும் பட்டறையை வைத்தே உற்பத்தி வாய்ப்பு வளைகோட்டை (இருக்கிற ஆளையும் மெஷினையும் வைத்து இரண்டு பொருளில் எதை எவ்வளவு செய்ய முடியும் என்று காட்டும் கோடு) நடத்துகிறார்கள். எல்லோரும் சட்டையே தைத்தால் 30. பாவாடை 10 வேண்டுமென்றால் சட்டை 27. 20 என்றால் சட்டையும் 20. பாவாடை 30 என்றால் சட்டையே கிடையாது. முதல் பத்துக்கு இழப்பு 3 சட்டை, அடுத்த பத்துக்கு 7, கடைசிப் பத்துக்கு 20. ஏன் ஏறுகிறது? முதலில் பாவாடையில் கைதேர்ந்தவர்களை மாற்றுகிறோம். கடைசியில் காலர் வைப்பதில் கெட்டிக்காரரையும் நாடா கோக்க உட்கார வைக்கிறோம். வாய்ப்புச் செலவை, அதாவது ஒன்றைப் பெற இன்னொன்றில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பதை, இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தருவது அபூர்வம்.

குறை, போர்டில் நேர்கோடாக இழுத்துவிடுவது. நேர்கோடு என்றால் வாய்ப்புச் செலவு மாறவில்லை என்று அர்த்தம். இந்தக் கணக்குக்குக் கோடு வெளிப்பக்கம் வளைய வேண்டும். பாவாடை 10, சட்டை 20 என்ற புள்ளி கோட்டுக்கு உள்ளே விழும், அதாவது மெஷின் சும்மா கிடக்கிறது. அதையும் குறித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பொருளியலாளர் ராபின்ஸின் 1932 பற்றாக்குறை இலக்கணத்தை (தேவை ஏராளம், வளம் குறைவு, அதில் எதைத் தேர்வது என்பதுதான் பொருளியல்) நடத்துவதும் பரவாயில்லை. பிள்ளைகளைத் தாராளமாகச் சேர்க்கலாம்.