நாகை – காங்கேசன்துறை கப்பல்: தாராளமாக ஏறலாம், ஆனால் மாதம் பார்த்து

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் வடகரையில் இருக்கும் காங்கேசன்துறைக்குப் போகும் 'சிவகங்கை' பயணிகள் கப்பலைப் பற்றி ஆளாளுக்குக் கேட்கிறார்கள், அதனால் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். டெல்டா பக்கம் இருப்பவர்கள் யாழ்ப்பாணம் போக இதைவிட மனசுக்கு நிறைவான வழி கிடையாது. திருச்சி, சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு விமானம் இருக்கிறது, சீக்கிரம் போய்விடலாம், அதெல்லாம் சரி. ஆனால் நாகையில் காலையில் ஏறி, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு அந்தக் கரையில் இறங்குவதில் இருக்கிற சுகம் வேறு.

தூரம் ஏறக்குறைய 60 கடல் மைல், நாலு மணி நேரம். பாஸ்போர்ட்டும், இலங்கைக்குப் போக இணையத்தில் வாங்கும் இ.டி.ஏ. பயண அனுமதியும் கையில் இருக்க வேண்டும், குடியேற்றச் சோதனை, சுங்கம் எல்லாம் துறைமுகத்திலேயே முடிந்துவிடுகிறது. 150 பேர் அளவுக்குத்தான் இடம். உள்ளே வரிசையாக இருக்கைகள், ஏசி நன்றாகவே குளிர்கிறது, ஒரு சால்வையோ துண்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடுவையாற்று முகத்துவாரத்தைத் தாண்டும்வரை எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அப்புறம் அலை தூக்க ஆரம்பித்ததும் பேச்சு அடங்கிவிட்டது. அங்கே கடல் ஆழம் குறைவு, கொஞ்சம் காற்று கிளம்பினாலே அலை குட்டை குட்டையாக எழும்பி உலுக்கும். காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

பக்கத்தில் வேளாங்கண்ணிக்கு வந்துவிட்டு ஊர் திரும்பும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். மடியில் மாதா சிலை, செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் துவாயும் சுற்றி, அலை தூக்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். "முந்தியெண்டா கொழும்புக்குப் போய்த்தான் பிளேன் எடுக்கவேணும் தம்பி, இப்ப பின்னேரம் வீட்டில இருந்து தேத்தண்ணி குடிக்கலாம்" என்றார். இவரைப் போன்றவர்களுக்காகத்தான் இந்தக் கப்பல் ஓட வேண்டும். அவர்களுக்கு வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு. நமக்கு யாழ்ப்பாணப் பக்கத்துக் கோயில்களான நல்லூர், கீரிமலை, மாவிட்டபுரம்.

இது புதிதாக முளைத்த ஆசையும் இல்லை. 1914-லேயே பாம்பன் பாலம் வழியாக ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயிலில் கொழும்பு என்று போட் மெயில் ஓடியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் விட்டார்கள், 80-களில் போர் அதையும் நிறுத்தியது. 2011 ஜூனில் தூத்துக்குடி – கொழும்பு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' வந்தது, போதிய ஆள் சேராமல் அந்த நவம்பரிலேயே முடிந்தது.

அந்த ஸ்கோஷியா பிரின்ஸுக்கு முன்கதை ஒன்று உண்டு. அதற்கு முன் 20 வருஷத்துக்கு மேல் அமெரிக்காவின் போர்ட்லாந்துக்கும் கனடாவின் யார்மவுத்துக்கும் நடுவே ஓடிய கப்பல் அது. நம் கடலில் மழைக்காலத்தில் கப்பல் நிற்பதுபோல அங்கே குளிர்காலத்தில் கப்பல் கிடையாது. ஸ்கோஷியா பிரின்ஸ் போன பின்னும் அங்கே 'கேட்' என்ற கப்பல் அரசு மானியத்தில் ஓடியது. 2009 கடைசியில், யார்மவுத் இருக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் அரசு பணத்தை நிறுத்தியது, கப்பலும் நின்றது. அந்தத் தடத்தில் மறுபடி ஒரு கப்பல் விடுவதற்கு 2014 வரை ஆனது.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. நம் கப்பலும் மானியத்தில்தான் ஓடுகிறது. 2023 அக்டோபர் 14-ல் 'செரியபாணி' கப்பலை வைத்துத் தொடங்கியபோது ஒருவழிக் கட்டணம் வரியோடு 7,670 ரூபாய், அந்த விலைக்கு யார் ஏறுவார்கள்? 20-ம் தேதியே வடகிழக்குப் பருவமழையைச் சொல்லி நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16-ல் சிவகங்கை வந்தது. நாகைத் துறைமுகச் செலவை, மாதம் இரண்டரைக் கோடி இலங்கை ரூபாய்க்கு மேல், இந்திய அரசு ஏற்றுக்கொண்டது. கப்பலில் போகிறவர்களுக்கான புறப்பாட்டு வரியை இலங்கை அரசு விமான நிலையத்தைவிடக் குறைவாக வைத்தது. மழைக்கு நிறுத்தி 2025 பிப்ரவரியில் மறுபடி விட்டபோது ஒருவழிக் கட்டணம் 4,250 ரூபாய். சாதாரணக் குடும்பம் யோசித்துப் பார்க்கக்கூடிய விலைக்கு இது இறங்கியதே அந்தப் பணத்தால்தான். வரிப்பணம் வீண் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவே முடியாது. பாலம் கட்டினால் செலவு என்கிறோம், அதை வீண் என்று யாரும் சொல்வதில்லையே.

என் குறை மானியத்தை ஒவ்வொரு வருஷமாக அறிவிப்பதில்தான். ஒரு வருஷம், அப்புறம் இன்னொரு வருஷம் என்று நீட்டிக்கொண்டே போனால் பெரிய கப்பல் வாங்க எவர் துணிவார்? காங்கேசன்துறை துறைமுகத்தைச் சீர்செய்ய 6.15 கோடி டாலர் தருவதாக இந்தியா சொல்லியிருக்கிறது, நல்லது. கையோடு ஐந்து வருஷத்துக்கு மானியத்தை உறுதி செய்து, எந்த மாதத்தில் ஓடும், எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே அட்டவணை போடட்டும். மழைக்கு நிற்பதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மறுபடி எப்போது ஓடும் என்று தெரியாமல் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் டிக்கெட் போட முடியாமல் தவிப்பதுதான் கஷ்டம்.

போகிறவர்கள் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் போய் வாருங்கள், கடல் அப்போதுதான் அடங்கியிருக்கும். அக்டோபர் பிறந்துவிட்டால் கப்பலை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். முதல் நாள் மாலை ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இறங்கினால் யாழ்ப்பாணம் 20 கிலோமீட்டருக்குள், பஸ்ஸும் ரயிலும் உண்டு. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன், அட்டவணை வந்தால் ஐந்தாவதையும் சேர்த்துவிடுகிறேன்.